வீட்டுச் செடியில் சிலந்திப்பேன்: கண்டுபிடிப்பது முதல் ஒழிப்பது வரை

இலையின் மேற்புறத்தில் பொடிப்பொடியாக வெளிர் புள்ளிகள். நேற்றுவரை நல்ல பச்சையாக இருந்த இலை மங்கி, தூசி படிந்த மாதிரி சாம்பலும் மஞ்சளுமாகத் தெரிகிறது. துடைத்தால் போகவில்லை. தண்ணீர் குறைவோ, வெளிச்சம் போதவில்லையோ, உரம் வேண்டுமோ என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறீர்கள். செடி இன்னும் மோசமாகிறது. இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

நடு நரம்பை ஒட்டி நுண்ணிய தூசி மாதிரி ஏதோ இருக்கும். உற்றுப் பார்த்தால் அந்தத் தூசியில் ஒன்றிரண்டு நகரும். அதுதான் சிலந்திப்பேன். செம்பேன், சிவப்புச் சிலந்தி என்றும் சொல்வார்கள். வீட்டுக்குள் வளரும் செடிகளில் பெரும்பாலும் வருவது இரட்டைப்புள்ளிச் சிலந்திப்பேன், அறிவியல் பெயர் டெட்ரானிக்கஸ் அர்டிகே. முழு வளர்ச்சியடைந்த பெண்பேனே சுமார் அரை மில்லிமீட்டர்தான். ஆனால் 1,100க்கும் மேற்பட்ட தாவர வகைகளைத் தின்று வாழக்கூடியது. அதனால் "என் செடிக்கு இது வராது" என்று எந்தச் செடியை வைத்தும் நிம்மதியாக இருக்க முடியாது.

இதை ஒழிக்க முடியும், பெரிய செலவும் இல்லை. ஆனால் ஒரே நாளில் முடியாது, மூன்று நான்கு வாரம் விடாமல் செய்ய வேண்டும். புதிதாகச் செடி வளர்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த மருந்து அடிக்கலாம்?" என்றுதான். மருந்து இரண்டாம்பட்சம் என்பேன். இலையின் அடிப்பக்கம் முழுக்க நனைந்ததா, அடுத்த சுற்று சரியான நாளில் நடந்ததா, இந்த இரண்டும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. சாதாரண சோப்புக் கரைசலை ஒழுங்காக நான்கு முறை அடித்தவர் செடி பிழைத்துக்கொள்ளும். விலையுயர்ந்த மருந்தை ஒருமுறை மேலாக அடித்துவிட்டு விட்டவர் செடி பத்து நாளில் பழைய நிலைக்கே வந்துவிடும்.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்

ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து, இலையை விரலால் நாலு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழுந்த துகள்களை அரை நிமிடம் அசையாமல் கவனியுங்கள். தூசி என்றால் அப்படியே கிடக்கும், பேன் என்றால் மெதுவாக ஊரத் தொடங்கும். ஊர்வதை விரலால் தேய்த்துப் பாருங்கள். இலைச் சாற்றைக் குடித்த பேன் என்றால் தாளில் பச்சையாக ஒரு கீற்று விழும்.

10 மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வாங்க முடியாவிட்டால் கைபேசி கேமராவில் கிட்டத்தில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாலும் போதும். அப்படிப் பார்க்கும்போது நான்கு விஷயங்கள் ஒன்றாகத் தெரியும். முதலாவது, எட்டுக் கால்களோடு வெளிர் மஞ்சளாகவோ இளம்பச்சையாகவோ இருக்கும் பேன். அதன் உடம்பின் இரு பக்கமும் ஒவ்வொரு கரும்புள்ளி இருக்கும். அது தோலின் நிறம் இல்லை, உள்ளே குடலில் இருக்கும் உணவு வெளியே தெரிகிறது. இரண்டாவது, நரம்பை ஒட்டி ஒட்டிக்கிடக்கும் முட்டைகள். உருண்டையாக, ஒளி ஊடுருவுகிற மாதிரி இருக்கும், பொரிக்கும் சமயத்தில் மஞ்சளாகிவிடும். மூன்றாவது, பேன் வளரும்போது உரித்துப் போட்ட வெள்ளைச் சட்டைகள். இவை நகராது. பலர் இந்த வெள்ளைச் சட்டைகளைப் பார்த்துவிட்டு "செத்துப்போச்சு" என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், ஏமாற வேண்டாம். நான்காவது, வலை.

வலை கண்ணுக்குத் தெரிகிறது என்றால் தொல்லை முற்றிவிட்டது என்று அர்த்தம். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்திலும், இலையின் நுனியிலும், கொழுந்துகளுக்கு நடுவிலும் மெல்லிய இழைகளாகப் படரும். சந்தேகமாக இருந்தால் அந்த இடத்தில் லேசாகத் தண்ணீரைத் தூவுங்கள். நுண்துளிகள் இழையில் தங்கி, வலை பளிச்சென்று தெரியும். அறையில் இருக்கும் சாதாரணச் சிலந்தியும் செடியில் வலை கட்டும்தான். ஆனால் அதில் இலைப்புள்ளிகள் இருக்காது, வலையும் இரண்டு கிளைகளுக்கு நடுவே தாராளமாக இருக்கும். அந்தச் சிலந்தியை விட்டுவிடுங்கள், அது செடிக்குக் கெடுதல் செய்வதில்லை.

இன்னொரு குழப்பம் இலைப்பேனோடு வரும், அதாவது திரிப்ஸ். அது ஆறு கால் பூச்சி. ஒல்லியாக நீளமாக இருக்கும். அது சுரண்டிய இடம் வெள்ளி மாதிரி மினுங்கும், பக்கத்தில் கறுப்பு எச்சப் புள்ளிகள் கிடக்கும். சிலந்திப்பேன் கடித்த இலையில் அந்தக் கறுப்புப் பொட்டுகள் அப்படி இருக்காது, ஊசிமுனை அளவு வெளிர் புள்ளிகள்தான் அடர்ந்திருக்கும். மாவுப்பூச்சி என்றால் பஞ்சு மாதிரி வெள்ளையாக இலைக்கக்கத்தில் உட்கார்ந்திருக்கும், அதைக் குழப்பிக்கொள்ள வழியில்லை.

ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது

இதைப் புரிந்துகொண்டால்தான் மருந்து அடிக்கும் நாட்களை நீங்களே கணக்குப் போட முடியும். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

சிலந்திப்பேன் பூச்சி இனமே அல்ல. சிலந்தி, தேள், உண்ணி இவற்றின் உறவு. அதற்குக் கடிக்கும் வாய் கிடையாது, ஊசி போன்ற உறுப்பை இலைக்குள் நுழைத்து, ஒவ்வொரு செல்லாகக் குத்திப் பச்சையத்தோடு சேர்த்து உறிஞ்சிவிடும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 செல்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். காலியான செல்தான் நமக்கு வெளிர் புள்ளியாகத் தெரிகிறது. ஒரு இலையில் நூற்றுக்கணக்கான பேன்கள் உட்கார்ந்தால் அந்த இலை எத்தனை நாள் தாங்கும் என்று யோசித்துப் பாருங்கள். புள்ளி விழுந்த இடம் மறுபடி பச்சையாகாது. இதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முட்டை பொரித்து முதலில் வரும் குஞ்சுக்கு ஆறு கால்தான். அதன்பின் இரண்டு பருவம் தாண்டி, ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் அசையாமல் ஒட்டிக்கிடந்து சட்டையை உரித்து, எட்டுக் காலோடு முழுப்பேன் ஆகிறது. அறை 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால், முட்டையிலிருந்து முழுப்பேன் வரை எல்லாமே சுமார் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். 20 டிகிரி அளவில் இருந்தால் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். ஒரு பெண்பேன் தினமும் சில முட்டைகள் வீதம், தன் வாழ்நாளில் நூறு முட்டைகள் வரை இடும். இணை சேராத பெண்கூட முட்டையிடும், அவற்றிலிருந்து ஆண்கள் மட்டுமே பிறக்கும். பிறகு அந்த ஆண்களோடு சேர்ந்து பெண்களும் பிறக்கத் தொடங்கும். அதாவது துடைத்து எடுத்ததில் ஒரே ஒரு பெண் தப்பினாலும் போதும், கூட்டம் மறுபடி உருவாகிவிடும்.

வெளியே தோட்டத்தில் மழை அடிக்கிறது, காற்று வீசுகிறது, இந்தப் பேன்களைத் தின்னும் உயிர்களும் இருக்கின்றன. வீட்டுக்குள் இவை எதுவும் இல்லை. அதோடு ஏசியோ ஹீட்டரோ காற்றை உலர வைக்கிறது, ஜன்னல் கண்ணாடி வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. சூடும் வறட்சியும் சேர்ந்த இடம்தான் சிலந்திப்பேனுக்கு மிகவும் பிடித்த இடம்.

முதல் நாள் வேலை

தொல்லை உறுதியானதும் அன்றைக்கே தொடங்கிவிடுங்கள். "ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டால் சூடான அறையில் அதற்குள் அடுத்த தலைமுறையே வந்திருக்கும்.

1. செடியைப் பிரித்து வையுங்கள். வேறு அறை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குறைந்தபட்சம் இலையோடு இலை உரசாத தூரம், மின்விசிறிக் காற்று நேராகப் படாத இடம். பேன்கள் ஒட்டிய இலைகள் வழியாகவும், காற்றில் மிதக்கும் இழை வழியாகவும், நம் கை, சட்டை, கத்தரி வழியாகவும் போகும்.

2. பக்கத்தில் இருந்த செடிகளை எல்லாம் சோதியுங்கள். ஆரோக்கியமானவற்றை முதலில் பார்த்துவிட்டு, நோயாளிச் செடியை கடைசியில் தொடுங்கள். வரிசை முக்கியம். இந்தச் செடியைத் தொட்ட கையோடு அடுத்த செடிக்குப் போனால் நாமேதான் பரப்புகிறோம். அவற்றில் பேன் தெரியாவிட்டாலும், உரசிக்கொண்டிருந்த செடிகளுக்கு ஒருமுறையாவது கழுவலும் சோப்புக் கரைசலும் கொடுத்துவிடுங்கள்.

3. மிகவும் கெட்டுப்போன இலைகளையும் வலை அடர்ந்த கிளைகளையும் வெட்டி, வெட்டிய கையோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வெளியே எறியுங்கள். சமையலறைக் குப்பைத் தொட்டியில் திறந்து போட வேண்டாம். ஆனால் எல்லா இலையையும் மொட்டை அடித்துவிடாதீர்கள். பாதிக்குப் பாதி பச்சை இருக்கும் இலை செடிக்கு இன்னும் சாப்பாடு தருகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் வெட்டுவதைத் தவிர்க்கலாம்.

4. கழுவுங்கள். எனக்குக் கேட்டால் இந்த முழுக் கட்டுரையிலும் இதுதான் மிகவும் பலன் தரும் வேலை. தொட்டியின் வாயைப் பிளாஸ்டிக் பையால் மூடி, தண்டைச் சுற்றிக் கட்டிவிடுங்கள், மண் கரைந்து போகாது, வேரும் ஊறிப்போகாது. செடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்து, ஷவரையோ கைக்குழாயையோ கீழிருந்து மேலாகக் காட்டுங்கள். தண்ணீர் அடிப்பக்கத்தில் நேராக அடிக்க வேண்டும். அறைவெப்பத் தண்ணீர் போதும், சூடு வேண்டாம். இலை கிழியாத அளவுக்கு வேகம் இருக்கட்டும். பிறகு ஒவ்வொரு இலையையும் உள்ளங்கையில் தாங்கி, ஈரத்துணியால் காம்பிலிருந்து நுனிக்குத் துடையுங்கள். துணியை அடிக்கடி அலசுங்கள். வலை, முட்டை, சட்டை எல்லாம் இதில் பெருமளவு போய்விடும். வலை இருக்கும்போது மேலே மருந்து அடித்தால் துளி உள்ளே போகாமல் வலையிலேயே தங்கிவிடும், அதனால்தான் கழுவல் முதலில்.

ஆப்பிரிக்கன் வயலட் மாதிரி மயிர் அடர்ந்த இலை உள்ளவற்றை இப்படி நனைக்க முடியாது. உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்து, தனியாகக் கவனியுங்கள்.

5. தண்ணீர் வடிந்ததும் சோப்புக் கரைசல் அல்லது வேப்பெண்ணெய்க் கரைசல் அடியுங்கள். அதைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன்.

6. செடி நின்ற இடத்தையும் சுத்தம் செய்யுங்கள். தொட்டியின் வெளிப்புறம், விளிம்பு, அடித்தட்டு, தாங்குகுச்சி, ஜன்னல் விளிம்பு எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் துடைக்கவும். கத்தரியை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து வையுங்கள். மண்ணை மாற்ற வேண்டியதில்லை. சிலந்திப்பேன் வாழ்வது இலையில், வேரில் அல்ல. ஏற்கெனவே வாடிய செடியைத் தொட்டி மாற்றினால் அதற்கு இன்னொரு அதிர்ச்சிதான்.

சோப்பா, வேப்பெண்ணெயா

தோட்டத்துக்கென்றே விற்கும் பொட்டாசியம் சோப்புக் கரைசல் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. லேபிளில் எத்தனை மில்லி சொல்லியிருக்கிறதோ அத்தனை மட்டும் கலக்குங்கள். பேனின் மேல்தோலைச் சிதைத்து அதை உலரச் செய்துதான் சோப்பு கொல்கிறது. அதனால் மூன்று விஷயங்கள் தொடர்ந்து வருகின்றன. துளி நேராகப் பேன் மேல் பட வேண்டும். ஈரம் இருக்கும்வரைதான் வேலை செய்யும், காய்ந்த பிறகு நாளைக்கு வரும் பேனை அது ஒன்றும் செய்யாது. முட்டையை அநேகமாகத் தொடாது. இந்த மூன்றாவதால்தான் சுற்றுச் சுற்றாக அடிக்க வேண்டியிருக்கிறது.

பாத்திரம் கழுவும் திரவத்தைப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை சோப்பு அல்ல, டிடர்ஜென்ட். கொழுப்பைக் கழுவத் தயாரிக்கப்பட்டவை. இலையின் மேல் இயற்கையாக இருக்கும் மெழுகுப் படலத்தையும் கழுவிவிடும். வாசனையும் நிறமும் வேறு. நான் பரிந்துரைப்பதில்லை. இன்னொன்று, உப்புத் தண்ணீர். சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள தண்ணீரில் சோப்புத் திரிந்து மேலே வெள்ளையாக மிதக்கும், அந்தக் கரைசலுக்கு வீரியம் இருக்காது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் கலக்கிப் பாருங்கள். திரிந்தால் வடிகட்டிய தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வேப்பெண்ணெய் வேறு விதமாக வேலை செய்கிறது. எண்ணெய்ப் படலம் பேனையும் முட்டையையும் மூடி மூச்சடைக்கிறது. அதிலுள்ள அசாடிராக்டின் பேன் தின்பதையும் வளர்வதையும் தடுக்கிறது. முட்டை மீதும் ஓரளவு பலன் உண்டு என்பது சோப்பைவிட இதற்குள்ள சிறப்பு. அளவு: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி திரவச் சோப்பு. முதலில் எண்ணெயையும் சோப்பையும் சேர்த்து நன்றாகக் கலக்கி, பால் மாதிரி வெளுத்த பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நேரே தண்ணீரில் எண்ணெயை ஊற்றினால் கலக்காது. மேலே மிதக்கும் எண்ணெய் ஒரே இலையில் மொத்தமாக விழுந்து அதைக் கருக்கிவிடும். அடிக்கும்போதும் அவ்வப்போது ஸ்பிரேயரைக் குலுக்குங்கள். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், மீதியை அடுத்த வாரத்துக்கு வைத்தால் வீரியம் போய்விடும்.

எதை அடித்தாலும் முதலில் இரண்டு மூன்று இலைகளில் மட்டும் அடித்து ஒரு நாள் பொறுங்கள். பெரணிகளும், இலைமேல் வெண்சாம்பல் பூத்த சதைப்பற்றுச் செடிகளும் சோப்பையும் எண்ணெயையும் சரியாகத் தாங்குவதில்லை. வெயில் படும் நேரத்தில் அடிக்கவே கூடாது. சாயங்காலம் நல்லது. இரவெல்லாம் மெதுவாகக் காயும், பேன் மேல் ஈரமும் நீண்ட நேரம் நிற்கும். அறை 32 டிகிரிக்கு மேல் இருந்தாலும் எண்ணெய் வேண்டாம். வாடிக்கிடக்கும் செடிக்கு அடிப்பதற்கு முதல் நாளே தண்ணீர் ஊற்றித் தேற்றிவிடுங்கள். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால், காயும்வரை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

அடிக்கும் விதம் எல்லோரும் தவறவிடும் இடம். ஸ்பிரேயரின் மூக்கை மேல்நோக்கித் திருப்பி, இலைக்கு அடியில் கையை நுழைத்து அடியுங்கள். அடிப்பக்கம் நனைந்து நுனியில் துளி சொட்ட வேண்டும். பிறகு காம்பு, கணு, கொழுந்தின் மடிப்பு. கடைசியில்தான் மேல்பக்கம். விரியாத இலைச்சுருளுக்குள் பேன் ஒளிந்திருக்கும். கலாத்தியா, அலோகாசியா மாதிரிச் செடிகளில் இந்தச் சுருளை விட்டுவிட்டால் மற்ற இலைகளில் செய்ததெல்லாம் வீண். அந்தச் சுருளின் வாயில் இரண்டு மூன்று முறை அடித்து, கரைசல் உள்ளே இறங்கவிடுங்கள்.

அடுத்த சுற்றுகள்

இங்கேதான் முன்னால் பார்த்த வாழ்க்கைக் கணக்கு கைகொடுக்கிறது. இன்று அடித்ததில் நடமாடும் பேன்கள் செத்தன, முட்டைகள் பல தப்பின. சூடான அறையில் அவை மூன்று நான்கு நாளில் பொரிக்கும். பொரித்தவை வளர்ந்து முட்டையிட இன்னும் சில நாள் ஆகும். நாம் அடுத்த முறை அடிக்க வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவில், பொரித்துவிட்ட பிறகு, ஆனால் முட்டையிடும் முன். சூடான அறை என்றால் 5 நாளுக்கு ஒருமுறை, குளிர்ந்த அறை என்றால் 7 நாளுக்கு ஒருமுறை. குறைந்தது நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீரில் கழுவிவிட்டு அடியுங்கள். தேதிகளை முதல் நாளே நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். நினைவை நம்பினால் இரண்டாம் சுற்றுக்குப் பிறகு தவறிவிடும், ஏனென்றால் அதற்குள் செடி பார்க்க நன்றாகிவிட்டிருக்கும்.

இரண்டாம் சுற்றுக்குப் பின் நிறுத்துவதுதான் தொல்லை திரும்பி வருவதற்கு முதல் காரணம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத அந்த நாட்களில் இலைநரம்பை ஒட்டி இருபது முப்பது முட்டைகள் இருக்கும். அதைத் தாண்டிப் பொறுமையாக நில்லுங்கள்.

குணமானதா என்று எப்படித் தெரியும்? பழைய இலையைப் பார்க்காதீர்கள். அதன் புள்ளிகள் மறையாது என்று முன்பே சொன்னேன். அதைப் பார்த்துக்கொண்டே "இன்னும் போகலையே" என்று மருந்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு, அதில் செடிதான் வாடுகிறது. புதிதாக விரியும் இலை புள்ளியில்லாமல் வருகிறதா, தாள் சோதனையில் எதுவும் ஊரவில்லையா, இந்த இரண்டையும் பாருங்கள். வாரம் ஒன்று வீதம் தொடர்ந்து இரண்டு மூன்று முறை தாள் சுத்தமாக இருந்தால் செடியைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

வாங்கக் கூடாதவை

கடையில் "எல்லாப் பூச்சிக்கும்" என்று எழுதியிருக்கும் மருந்தை எடுத்துவிடாதீர்கள். சிலந்திப்பேன் பூச்சி அல்ல என்பதால் பல பூச்சிமருந்துகள் அதைத் தொடுவதே இல்லை. மண்ணில் போடும் இமிடாகுளோபிரிட் குருணை அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் வேலை செய்யும், சிலந்திப்பேனுக்குச் செய்யாது. சில செடிகளில் அதைப் போட்ட பிறகு பேன்கள் பெருகியதாகவே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் பேனைத் தின்னும் நல்ல உயிர்களைத்தான் முதலில் கொல்லும். போதாக்குறைக்கு, மருந்துகளுக்கு எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கொள்வதில் இந்த இனம் பேர்போனது. 90க்கும் மேற்பட்ட மருந்து மூலப்பொருட்களுக்கு எதிர்ப்பு பதிவாகியிருக்கிறது. சோப்பும் எண்ணெயும் உடலை நேரடியாகத் தாக்குவதால் அவற்றை எதிர்த்துப் பழகுவது பேனுக்குச் சுலபமில்லை.

பேனுக்கென்றே உள்ள விவசாய மருந்துகளை மூடிய அறைக்குள், நீங்கள் தூங்கும் இடத்தில் அடிப்பது என் கருத்தில் தேவையில்லாத ஆபத்து. கந்தகத் தூள் பேனுக்கு வேலை செய்யும்தான். ஆனால் வீட்டுக்குள் நாற்றமும் தூசியும் தொல்லை. எண்ணெய் அடித்த செடியில் சில வாரங்களுக்குள் கந்தகம் பட்டால் இலை கருகிவிடும். ஆல்கஹால் தேய்ப்பது ஒன்றிரண்டு தடித்த இலைகளுக்குச் சரி. மெல்லிய இலைக்கு வேண்டாம், அடுப்பு அருகிலும் வேண்டாம்.

மருந்தே வேண்டாம் என்பவர்களுக்கு

பேனைத் தின்னும் பேன்கள் இருக்கின்றன. அவற்றில் புகழ்பெற்றது ஃபைட்டோசியூலஸ் பெர்சிமிலிஸ். 1958இல் சிலி நாட்டிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஆர்க்கிட் செடிகளோடு தற்செயலாக வந்து சேர்ந்தது. இன்று உலகெங்கும் பசுமைக்குடில்களில் பயன்படுகிறது. சிலந்திப்பேன் மட்டுமே அதன் உணவு, முட்டையையும் விடாது. ஆரஞ்சு நிறத்தில் பளபளப்பாக, சிலந்திப்பேனைவிட வேகமாக ஓடும். உங்கள் பகுதியில் விற்பனைக்குக் கிடைத்தால், நிறையச் செடிகள் வைத்திருப்பவர்களுக்கு இது அருமையான வழி. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் இது நன்றாகப் பெருகும். உலர்ந்த அறைக்கு நியோசீயுலஸ் கலிஃபோர்னிகஸ் என்ற இனம் பொருத்தம். இவற்றை விடுவதற்குச் சில நாள் முன்பே எல்லா மருந்தையும் நிறுத்தி, இலைகளை வெறும் தண்ணீரில் கழுவிவிடுங்கள். விட்ட பிறகு சோப்பு, எண்ணெய் எதையும் தொடக் கூடாது.

மறுபடி வராமல் இருக்க

வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றும்போது ஒவ்வொரு செடியிலும் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் இரண்டைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் ஒன்றே போதும். பேன் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பத்து பேன் இருக்கும்போது கண்டுபிடித்தால் ஈரத்துணியோடு வேலை முடிந்தது. ஐவி, கலாத்தியா, அலோகாசியா, குரோட்டன், அரேகா பாம், செம்பருத்தி இவை அடிக்கடி மாட்டிக்கொள்ளும் செடிகள். முதலில் இவற்றைப் பாருங்கள். மாதம் ஒன்றிரண்டு முறை இலைகளைத் துடைத்தோ குளிப்பாட்டியோ வைத்தால் தூசியும் போகும், தப்பி வந்த ஒன்றிரண்டு பேனும் போகும்.

செடி மேல் அவ்வப்போது தண்ணீர் தூவுவதால் பேன் வராது என்பது பரவலான நம்பிக்கை. துளி காய்ந்ததும் அந்த ஈரப்பதமும் போய்விடுகிறது. செடிகளைப் பக்கம் பக்கமாக வைப்பதும், காற்றை ஈரப்படுத்தும் கருவியும் ஓரளவு உதவும். ஆனால் ஏற்கெனவே வந்துவிட்ட பேனை ஈரப்பதம் மட்டும் துரத்தாது. தண்ணீர் இல்லாமல் வாடும் செடியைப் பேன் சீக்கிரம் வீழ்த்தும். தழைச்சத்து உரத்தை அளவுக்கு மீறிக் கொடுத்த செடியில் பேன் வேகமாகப் பெருகும். எனவே தொல்லை தீரும்வரை உரத்தை நிறுத்தி வைப்பது நல்லது.

சில செடிகளை விட்டுவிடவும் வேண்டியிருக்கும். கொழுந்து வரை வலை மூடி, பச்சை இலை கைவிரல் எண்ணிக்கைக்கு வந்துவிட்டால், மற்ற செடிகளை நினைத்துப் பையில் கட்டி வெளியேற்றிவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும். தண்டில் உயிர் இருந்தால் ஒரு நல்ல துண்டை வெட்டி, இலைகளை எடுத்துவிட்டு, சோப்புக் கரைசலில் முக்கி அலசித் தனியாக வேர்பிடிக்க வையுங்கள். அந்தத் துண்டையும் நோயாளியாகவே நினைத்து மூன்று வாரம் கண்காணிக்க வேண்டும்.

புதிதாக வாங்கி வரும் எந்தச் செடிக்கும் இதே விதிதான். எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், யார் அன்பாகக் கொடுத்தாலும், வந்த அன்றே ஒரு குளியல், பிறகு மூன்று வாரம் தனி இடம், வாரம் ஒரு தாள் சோதனை. மூன்று முறையும் தாள் சுத்தமாக இருந்தால் மற்ற செடிகளோடு சேர்த்து வைக்கலாம்.